வேலை கிடைத்தவர் பட்டியலில் பெயர். ஆள் நிற்பதோ மல்லாட்டைக் கொல்லையில்

திண்டிவனம் பக்கத்துக் காலனி ஒன்றிலிருந்து சென்ற மாதம் ஒரு பெண் போன் செய்தார். 23 வயது. பிளஸ் 2 முடித்தவர். "அண்ணா, நான் சென்னையில ஒரு சூப்பர் மார்க்கெட்டுல வேலை பார்க்கிறேனாம். கம்ப்யூட்டர்ல அப்படித்தான் இருக்காம். நான் இப்ப மல்லாட்டைக் கொல்லையில நிக்கிறேன்" என்றார். பின்னால் பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவரும் சேர்ந்து சிரித்தார். கொஞ்சம் கழித்துத்தான் குரல் மாறியது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, ஆதிதிராவிடர் இளைஞர்களுக்கான இலவசப் பயிற்சி என்று சொல்லிச் சேர்த்தார்கள். கடை விற்பனையாளர் பயிற்சி, மூன்று மாதம். தினமும் காலையில் பஸ் ஏறிப் போய், கைரேகை வைத்து, மாலையில் திரும்பியிருக்கிறார். சான்றிதழ் கொடுத்தார்கள். லேமினேட் செய்து வைத்திருக்கிறார். பிறகு ஒரு நாள் வேனில் சென்னைக்குக் கூட்டிப்போய் ஒரு கடையைச் சுற்றிக் காட்டினார்கள். நான்கு தாள்களில் கையெழுத்து வாங்கினார்கள். "கூப்பிடுவாங்க" என்றார்கள். யாரும் கூப்பிடவில்லை.

இப்போது நர்சிங் உதவியாளர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் போன இடத்தில் ஆதார் எண்ணைத் தட்டிப் பார்த்தவர், "உனக்குத்தான் ஏற்கெனவே வேலை கிடைச்சிடுச்சேம்மா, வேலை கிடைக்காதவங்களுக்குத்தான் முதல்ல" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார். 

"அந்த வேலைகூட எனக்கு வேணாம்ணா. எனக்கு வேலை கிடைச்சதுன்னு எழுதினது யாருன்னு தெரியணும்" என்றார் அந்தப் பெண்.

அந்தக் கேள்விக்கு விடை தேடினால், பயிற்சித் திட்டங்களில் 'வேலை கிடைத்தது' என்ற சொல்லுக்கு யார் சாட்சி என்ற இடத்தில் போய் நிற்க வேண்டியிருக்கிறது.

பயிற்சி அறிவிப்புகளுக்குக் குறைவில்லை. தாட்கோ, தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம், மத்திய அரசின் கௌசல் விகாஸ் யோஜனா, ஊரக இளைஞர்களுக்கான தீன்தயாள் உபாத்யாய கிராமின் கௌசல்ய யோஜனா, பட்டியல் சாதியினருக்கும் தூய்மைப் பணியாளர் குடும்பங்களுக்குமான பி.எம். தக்ஷ் என்று பல வழிகளில் வந்திருக்கின்றன. மாவட்ட ஆட்சியரின் செய்திக்குறிப்பு வந்ததும் இதே பக்கங்களில் நாமும் வெளியிடுகிறோம். தகுதி, வயது வரம்பு, கடைசித் தேதி எல்லாம் போடுவோம். 'பயிற்சி முடிப்பவர்களுக்கு வேலைவாய்ப்பு ஏற்பாடு செய்யப்படும்' என்ற வரியும் இருக்கும். ஓராண்டு கழித்து அந்த வரி என்ன ஆனது என்று நாம் போட்டதில்லை. இதில் பத்திரிகைக்காரர்களுக்கும் பங்கு உண்டு.

2011 கணக்கெடுப்பின்படி, கள்ளக்குறிச்சி பிரிவதற்கு முந்தைய விழுப்புரம் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் 100-க்கு சுமார் 29 பேர். மாநிலம் முழுவதற்கும் 20. இங்கே காலனிக்குக் காலனி பயிற்சிச் சான்றிதழ் இருக்கிறது. சான்றிதழ் காட்டும் தொழிலைச் செய்பவர் ஒரு தெருவுக்கு எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். நான் ஒரு தெருவில் எண்ணினேன். ஒன்பது சான்றிதழ், ஒருவர் மட்டும் அந்த வேலையில். ஒரு தெருவை வைத்து மாவட்டத்தை அளக்க முடியாது என்பது தெரியும். ஆனால் மாவட்டத்தை அளந்து வைத்திருக்க வேண்டியவர்கள் அதை வெளியிடாதபோது தெருவைத்தான் எண்ண முடியும்.

பணம் எந்தப் படியில் கைமாறுகிறது?

பயிற்சி நடத்துவது பெரும்பாலும் அரசு அல்ல. அரசிடம் ஒப்பந்தம் பெற்ற தனியார் நிறுவனங்கள். அவர்களுக்குப் பணம் தவணையாக வரும். கௌசல் விகாஸ் யோஜனாவின் இரண்டாம் கட்டத்தில் வகுப்பு தொடங்கியதும் 30 சதவீதம், மாணவர்கள் சான்றிதழ் பெற்றதும் 50 சதவீதம், வேலை கிடைத்ததைக் காட்டினால் மீதி 20 சதவீதம் என்று வைத்திருந்தார்கள். ஊரக இளைஞர் திட்டத்தில் 25, 50, 15, 10 என்று நான்கு தவணை.

சான்றிதழோடு 80 ரூபாய் கைக்கு வந்துவிட்ட ஒருவர் மீதி 20 ரூபாயை என்ன செய்வார்? நேர்மையானவர் வேலை தேடிக் கொடுத்து வாங்குவார். சிலர் அந்தத் தொல்லையே வேண்டாம் என்று அடுத்த பேட்ச்சுக்கு ஆள் சேர்க்கப் போய்விடுவார்கள். இன்னும் சிலர் காகிதத்தில் வேலை கொடுப்பார்கள். எந்த வழியில் போனாலும் படித்தவர் கையில் இருப்பது அதே சான்றிதழ்தான்.

காகித வேலைக்குப் பெரிய மூளை வேண்டியதில்லை. முதல் வாரத்திலேயே 'ஃபார்மாலிட்டி' என்று வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கிவிடலாம். தெரிந்த நிறுவனத்தின் லெட்டர்பேடில் பணி நியமனக் கடிதம் அச்சடிக்கலாம். சம்பளச் சீட்டு டி.டி.பி. கடையில் கிடைக்கும். சரிபார்க்க அதிகாரி போன் செய்வார் என்றால், பதிவில் மாணவரின் எண்ணுக்குப் பதிலாக ஏஜென்ட்டின் எண்ணைப் போட்டுவிடலாம். அல்லது, "யாராவது கேட்டா வேலையில இருக்கேன்னு சொல்லு, இல்லாட்டி சர்டிஃபிகேட் வராது" என்று மாணவரிடமே சொல்லி வைக்கலாம். நான் பேசிய இரண்டு பையன்கள் அப்படிச் சொல்லச் சொன்னார்கள் என்றார்கள். சொன்னீர்களா என்றேன். "சர்டிஃபிகேட் வேணுமே சார்" என்றார் ஒருவர்.

இது ஊர் வம்பு என்று ஒதுக்கிவிட முடியாதபடி 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் ஓர் அறிக்கை வைக்கப்பட்டது. 2015 முதல் 2022 வரையிலான கௌசல் விகாஸ் யோஜனா பற்றி இந்திய தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் தந்த அறிக்கை அது. இரண்டாம், மூன்றாம் கட்டங்களில் பதிவான 95.90 லட்சம் பேரில் 94.53 சதவீதம் பேருக்கு வங்கிக் கணக்கு எண் இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்ஜியமோ, 'இல்லை' என்ற குறிப்போ, வெற்றிடமோ இருந்தது. மீதியிலும் ஒரே கணக்கு எண் பலருக்கு. 1 1 1 1 என்று நிரப்பியவையும் உண்டு. ஒரே புகைப்படம் வெவ்வேறு மாநிலங்களில் பயிற்சி நடந்ததற்கு ஆதாரமாக இருந்தது. தணிக்கையாளர்கள் பயிற்சி பெற்றவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்டபோது, பதில் தந்த 171 பேரில் 131 பேரின் பதில் ஒரே முகவரியிலிருந்தோ பயிற்சி நடத்தியவர்களின் முகவரியிலிருந்தோ வந்திருந்தது. மேலே சொன்ன ஏஜென்ட் போன் எண் கதையேதான், மின்னஞ்சல் வடிவில்.

முதலில் வங்கிக் கணக்கு கட்டாயமாக இருந்தது, பிறகு ஆதார் வழியே பணம் போடுவதால் அது தளர்த்தப்பட்டது என்பது அமைச்சகத்தின் விளக்கம். அதையும் சொல்லிவிட வேண்டும். பணம் போடுவதற்கு அது போதலாம். வேலை கிடைத்ததா என்று பார்ப்பதற்குச் சம்பளம் விழும் கணக்கு எது என்று தெரிந்திருக்க வேண்டாமா?

அதே அறிக்கையின்படி, குறுகிய காலப் பயிற்சியில் சான்றிதழ் பெற்றவர்களில் வேலை கிடைத்ததாகக் காட்டப்பட்டவர்கள் 100-க்கு 41 பேர். இந்த 41-ல் நம் மல்லாட்டைக் கொல்லைப் பெண்ணைப் போன்றவர்கள் எத்தனை பேர் என்பது யாருக்கும் தெரியாது. நான்காம் கட்டத்தில் அரசு இன்னொரு முடிவுக்கு வந்தது. பயிற்சி பெற்றவர் தமக்குப் பிடித்த பாதையைத் தேர்ந்துகொள்ள உதவுவதே நோக்கம் என்றது. முதல் மூன்று கட்டங்களைப் போல வேலை கிடைத்ததா என்று பின்தொடர்வது நின்றது. காய்ச்சல் குறையவில்லை என்று தெர்மாமீட்டரைத் தூக்கி வைத்துவிட்டதாகத்தான் இதை எடுத்துக்கொள்ள முடிகிறது.

இது ஏன் நம் பிரச்சினை?

ஏமாற்று எல்லோருக்கும் பொது. ஆனால் பட்டியல் சாதியினருக்கு இதில் இரண்டாவது இழப்பு ஒன்று உண்டு. 1979-80-ல் சிறப்புக் கூறு திட்டம் வந்த நாளிலிருந்து மக்கள்தொகை விகிதப்படி நிதி ஒதுக்க வேண்டும் என்பது கொள்கை. தமிழ்நாட்டில் 2024-ல் அதற்குத் தனிச் சட்டமே வந்துவிட்டது. அந்த நிதியிலிருந்து பயிற்சிக்குச் செலவானால், பயன் கிடைத்ததோ இல்லையோ, 'பட்டியல் சாதியினருக்குச் செலவிட்டது' என்று கணக்கில் ஏறிவிடும். ஊரக இளைஞர் திட்டத்தில் பாதி இடம் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு என்று வைத்தார்கள். நல்ல விதி. ஆனால் சேர்க்கையில் பாதி நாம் என்று காட்டும் பட்டியலுக்கு அடுத்து, ஓராண்டுக்குப் பிறகு சம்பளம் வாங்குபவர்களில் நாம் எத்தனை பேர் என்ற பட்டியல் இல்லை. சேர்க்கையைச் சாதிவாரியாக எண்ணத் தெரிந்தவர்களுக்குச் சம்பளத்தையும் அப்படி எண்ணத் தெரியும்.

மூன்றாவது ஒன்றும் இருக்கிறது. எனக்கு அதுதான் பெரிதாகப் படுகிறது. வேலை உண்மையிலேயே கிடைத்திருக்கும். ஆனால் என்ன வேலை? பட்டியலில் 'ஃபெசிலிட்டி எக்ஸிகியூட்டிவ்' என்று இருக்கும். போய்ப் பார்த்தால் ஐ.டி. கம்பெனியிலோ மாலிலோ கழிவறை கழுவும் வேலை. ஹவுஸ்கீப்பிங் பயிற்சிக்கு எந்தத் தெருவிலிருந்து ஆள் எடுக்கிறார்கள், ஏ.சி. மெக்கானிக் பயிற்சிக்கு எந்தத் தெருவிலிருந்து எடுக்கிறார்கள் என்று பாருங்கள். தாத்தாவிடமிருந்து பிடுங்க வேண்டிய துடைப்பத்தைப் பேத்தியிடம் சான்றிதழோடு கொடுப்பதை முன்னேற்றக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அந்த வேலையைச் செய்பவர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதை 'எக்ஸிகியூட்டிவ்' என்று எழுதி மறைப்பவர்களைத்தான் சொல்கிறேன்.

கையால் மலம் அள்ளுவோர் மறுவாழ்விலும் இதே கதை. 2013, 2018 கணக்கெடுப்புகளில் அடையாளம் காணப்பட்ட 58,098 பேருக்கும் ஒருமுறை உதவித்தொகையாக ரூ.40,000 கொடுத்துவிட்டதாக மத்திய அரசு சொல்கிறது. கொடுத்திருப்பார்கள். அந்த 58,098 பேரில் இன்று வேறு தொழிலில் நிலைத்தவர் எத்தனை, மறுபடி சாக்கடை மூடியைத் திறக்கப் போனவர் எத்தனை என்பதுதான் மறுவாழ்வின் கணக்கு. பணம் கொடுத்த தேதியில் கோப்பை மூடினால் அந்தக் கணக்கு வராது.

பயிற்சி நடத்துபவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. மையம் நடத்தும் ஒருவரிடம் பேசினேன். "வேலை வாங்கிக் கொடுத்தா பத்து நாள்ல திரும்பி வந்துடறாங்க சார், நாங்க என்ன பண்றது?" என்றார். பொய் இல்லை. ஒரகடத்திலோ ஸ்ரீபெரும்புதூரிலோ பன்னிரண்டாயிரம் சம்பளத்துக்குப் போகும் பையன் அறை வாடகை, சாப்பாடு, வாரம் ஒருமுறை ஊருக்கு வரும் பஸ் செலவு போக வீட்டுக்கு அனுப்ப என்ன மிஞ்சும்? அறை கேட்கும்போது "எந்த ஊர், எந்தத் தெரு" என்று கேட்டுவிட்டு வாடகைக்கு இல்லை என்று சொல்லும் வீட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். பெண் பிள்ளைகள் என்றால் ஹாஸ்டல் பாதுகாப்பு பெற்றோருக்குப் பெரிய கவலை. எனவே திரும்பி வருகிறார்கள். ஆனால் 'பத்து நாளில் திரும்பினார், காரணம் அறை கிடைக்கவில்லை' என்று பதிவில் எழுதினால், அடுத்த பேட்ச்சுக்கு ஹாஸ்டல் கேட்கலாம். 'வேலை கிடைத்தது' என்று எழுதினால் யாரும் எதையும் கேட்க முடியாது.

சரிபார்ப்பது முடியாத காரியமா என்றால், இல்லை. அமெரிக்காவில் 2014-ல் வந்த தொழிலாளர் பயிற்சிச் சட்டத்தின் கீழ், பயிற்சி முடித்து வெளியேறியவர் இரண்டாவது காலாண்டிலும் நான்காவது காலாண்டிலும் வேலையில் இருக்கிறாரா, என்ன சம்பாதிக்கிறார் என்று பார்க்கிறார்கள். பயிற்சி நடத்தியவரின் வாய்ச்சொல்லை நம்புவதில்லை. வேலையில்லாக் காப்பீட்டுக்காக நிறுவனங்கள் மாநில அரசுக்குக் காலாண்டுதோறும் தரும் ஊதியப் பதிவோடு ஒப்பிடுகிறார்கள். அங்கும் ஓட்டை உண்டு. சொந்தத் தொழில் செய்பவர் அந்தப் பதிவில் வரமாட்டார். இருந்தாலும் டி.டி.பி. கடைச் சம்பளச் சீட்டு அங்கே செல்லாது.

நம்மிடம் அதற்கு இணையானது பி.எஃப். பதிவு. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் சேர்ந்தால் யு.ஏ.என். எண் வரும், மாதாமாதம் யார் பணம் கட்டினார்கள் என்று அதில் தெரியும். 10 பேர் இருந்தாலே இ.எஸ்.ஐ. உண்டு. பயிற்சிப் பதிவிலும் ஆதார், பி.எஃப். பதிவிலும் ஆதார். இரண்டையும் ஒப்பிட்டால் மூன்றாவது மாதமும் பன்னிரண்டாவது மாதமும் யார் யார் வேலையில் இருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். ஊரக இளைஞர் திட்டத்தில் மூன்று மாதம் தொடர்ந்து வேலை, அதற்குச் சம்பளச் சீட்டும் வங்கிப் பதிவும் சாட்சி என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. அந்த விதியை எல்லாத் திட்டங்களுக்கும் வைத்து, சீட்டுக்குப் பதிலாக பி.எஃப். பதிவைப் பார்த்தால் போதும்.

இதில் விழாதவர்களும் உண்டு. அப்ரண்டீஸ் சட்டத்தின் கீழ் எடுத்தவர்களுக்கு பி.எஃப். கிடையாது. ஒப்பந்தக்காரர் வழியாகச் சேர்ந்தவருக்கு வேறொரு பெயரில் பணம் கட்டியிருப்பார்கள். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டவர், சிறிய பியூட்டி பார்லர் வைத்தவர் எந்தப் பதிவிலும் வரமாட்டார். இவர்களை நேரில்தான் பார்க்க வேண்டும். 100 நாள் வேலைச் சட்டம் கொண்டுவந்த சமூகத் தணிக்கை நம் ஊர்களுக்குப் பழக்கமானதுதான். வேலை செய்யாதவர் பெயரில் அட்டை நிரப்பியதை ஊர்ப் பெண்களே கண்டுபிடித்த கதைகள் உண்டு. பயிற்சிக்கும் அதையே செய்யலாம். கிராம சபையில், இந்த ஊராட்சியில் இத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள், இத்தனை பேருக்கு வேலை என்று பதிவு இருக்கிறது என எண்ணிக்கையை மட்டும் படித்தால் போதும். எந்தப் பெண் எந்த ஊரில் தங்கி வேலை பார்க்கிறார் என்று மைக்கில் படிக்கக் கூடாது. அதன் விபரீதம் நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தம் பதிவைத் தாமே பார்த்து 'சரி' அல்லது 'பொய்' என்று சொல்லும் உரிமை பயிற்சி பெற்றவருக்கு வேண்டும். அவர் 'பொய்' என்றால் கடைசித் தவணை நிற்க வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியது சில. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பணி நியமனக் கடிதம் என்று எதில் கையெழுத்து வாங்கினாலும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பதிவில் இருப்பது உங்கள் போன் எண்தானா என்று கேளுங்கள். வேலையில் சேர்ந்திருந்தால் உமங் செயலியில் பி.எஃப். பாஸ்புக்கைத் திறந்து எந்த நிறுவனம் பணம் கட்டுகிறது என்று பாருங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். மனுவில் 'முறைகேடு நடந்ததா' என்று கேட்காதீர்கள். 'இல்லை' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். என் பேட்ச் எண் இது, இதில் எத்தனை பேர் வேலையில் சேர்ந்ததாகப் பதிவு, அதில் பட்டியல் சாதியினர் எத்தனை, சரிபார்த்த அலுவலரின் பதவி என்ன, எந்தத் தேதியில் எப்படிச் சரிபார்த்தார், கடைசித் தவணை எந்தத் தேதியில் கொடுக்கப்பட்டது என்று கேளுங்கள். மற்றவர்களின் பெயரும் சம்பளமும் கேட்டால் தனிநபர் விவரம் என்று மறுப்பார்கள். உங்கள் சொந்தக் கோப்பைக் கேட்கலாம். நேரில் போய்ப் பார்வையிடவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

அந்தப் பெண்ணோடு உட்கார்ந்து மனு எழுதினோம். தம் பெயரில் இருக்கும் பணி நியமனக் கடிதத்தின் நகலும், மூன்று மாதச் சம்பளச் சீட்டின் நகலும் கேட்டிருக்கிறார். "நான் எவ்வளவு சம்பாதிச்சேன்னு எனக்கே தெரியட்டும்ணா" என்றார். பதிவுத் தபாலில் போய் 19 நாள் ஆகிறது. அதே வேனில் சென்னைக்குப் போய்வந்த இன்னும் ஆறு பேரின் வீடு அவருக்குத் தெரியும். மல்லாட்டை பிடுங்குவது முடிந்ததும் ஒவ்வொரு வீடாகப் போவதாகச் சொல்லியிருக்கிறார்.